காலின் வேகமும் கண்ணின் வேகமும்



சில மாதங்களுக்கு முன்பு ஈப்போ புந்தோங்கில் ஒரு தாயார் எங்களைச் சந்தித்தார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் கைமாறியபோது குடும்பத்தோடு பட்டணத்துக்கு வந்தவர். பதின்மூன்று வயது மகன் ஒருவன் இருக்கிறான். அவனைக் காற்பந்துத் தேர்வு ஒன்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே முதல் வேலையாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நூறு மீட்டர் ஓடவிட்டு, கடிகாரம் பிடித்திருக்கிறார்கள். இவன் பின்தங்கிவிட்டான். பந்தைக் காலில் தொடுவதற்கு முன்பே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வந்தவன் காலணியைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டானாம்.

"அவனுக்கு ஓட்டம் பத்தலையாம் ஐயா. பின்னாடி நின்னு தடுக்கிறவனுக்கு ஓட்டந்தான் முக்கியமாம். இனிமே பந்தாட்டத்தை விட்டுடச் சொல்லட்டுமா?" என்று அந்தத் தாயார் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அன்று எங்களால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதுமல்ல. காற்பந்தில் எதிரியைத் தடுத்து நிறுத்தும் தற்காப்பு ஆட்டக்காரனுக்கு எது பெரியது? காலின் வேகமா? அல்லது, எதிரி என்ன செய்யப் போகிறான் என்பதை முன்கூட்டியே உணர்ந்துகொள்ளும் கண்ணின் வேகமா? இதைப் பற்றித்தான் இன்று நாம் சற்று விரிவாகச் சிந்திக்கப் போகிறோம்.

நேயர்களே, வேகத்தைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. வேகத்தின் பெருமையைப் பேராக் மாநிலத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த டாக்டர் மணி ஜெகதீசன், 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நான்கு பேர் ஓடும் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் இருநூறு மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, நாடு காத்திருக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் நமது மாநிலத்துப் பெண்மணி ம. ராஜாமணி 1966ஆம் ஆண்டின் சிறந்த தேசிய விளையாட்டு வீராங்கனையாகத் தேர்வு பெற்றார். ஆகவே, ஓட்டம் நமக்கு அந்நியமானதன்று.

ஆனால் ஓட்டப்பந்தயத்துக்கும் காற்பந்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஓட்டப்பந்தயத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஒரே துப்பாக்கிச் சத்தத்துக்குப் புறப்படுகிறார்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். காற்பந்துத் திடலில் துப்பாக்கிச் சத்தம் கிடையாது. எப்போது புறப்படுவது, எந்தத் திசையில் புறப்படுவது என்பதை ஒவ்வொருவனும் தானே முடிவு செய்கிறான். சரியான நேரத்தைக் கண்டவன், மற்றவர்கள் கோட்டில் நின்றுகொண்டிருக்கும்போதே புறப்பட்டுவிடலாம். அதைத் தவறு என்று சொல்லி எந்த நடுவரும் திருப்பி அழைக்க மாட்டார்.

இதை ஒரு சின்னக் கணக்கால் பார்ப்போம். இரண்டு பையன்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகமானவன் நின்ற இடத்திலிருந்து பத்து மீட்டரை 1.8 வினாடியில் ஓடுகிறான். மெதுவானவனுக்கு 2 வினாடி ஆகிறது. இடையில் உள்ள வித்தியாசம் 0.2 வினாடி. தரையில் அளந்தால் ஒரு மீட்டருக்கும் மேல். பந்தை இழப்பதற்கு அது போதும். இப்போது, மெதுவான பையன் எதிரியின் உடம்பைப் பார்த்தே பந்து எங்கே வரப் போகிறது என்று தெரிந்துகொண்டு, அரை வினாடி முன்னதாகப் புறப்படுகிறான். என்ன ஆகும்? 0.2 வினாடியை இழந்தாலும், 0.5 வினாடியைச் சம்பாதித்துவிட்டான். மெதுவானவன் 0.3 வினாடி முந்திப் பந்தருகே நிற்பான்.

அதே இரண்டு பேரும் முப்பது மீட்டர் ஓட வேண்டியிருந்தால் கணக்கு மாறிவிடும். வேகமானவன் 4.2 வினாடியிலும் மெதுவானவன் 4.8 வினாடியிலும் ஓடுவதாக வைத்துக்கொண்டால், வித்தியாசம் 0.6 வினாடி. அரை வினாடி முன்னதாகப் புறப்பட்டும் மெதுவானவன் தோற்றுவிடுகிறான். ஆக, குறுகிய தூரத்தில் கண் வெல்கிறது. நீண்ட தூரத்தில் கால் வெல்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

எங்கள் இளம் வயதில் நாங்கள் தோட்டத்துத் திடலில் கண்ட ஒரு காட்சியை இங்கே சொல்ல வேண்டும். கோயிலுக்குப் பின்னால் இருந்தது அந்தத் திடல். ஒரு பக்கம் லயத்து வீடுகள். மறுபக்கம் ரப்பர் நிரைகள். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்துத் தோட்டத்துக் குழுவோடு ஆட்டம். அந்தக் குழுவின் வலதுபுற ஆட்டக்காரன், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் பரிசுகளை அள்ளியவன். பந்தை முன்னே தட்டிவிட்டு ஓடினான் என்றால் யாராலும் பிடிக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அவனைத் தடுக்க நின்றவனும் நல்ல வேகக்காரன்தான். ஆனாலும் முதல் பாதியில் மூன்று முறை ஏமாந்தான். இரண்டு கோல் விழுந்தது.

இடைவேளையில் எங்கள் குழுவினர் ஒரு மாற்றம் செய்தார்கள். பெரியண்ணன் என்று தோட்டமே அழைக்கும் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்த உடம்பு. அவரைப் பார்த்து எதிர்த் தரப்பார் சிரித்தார்கள்.

பெரியண்ணன் பாய்ந்து போய்ப் பந்தைப் பறிக்கவே இல்லை. இரண்டு கை தூரம் விட்டு, சற்றுச் சாய்வாக நின்றார். பையன் நடுவே வர முடியாதபடி உட்பக்கத்தை அடைத்துக்கொண்டு, வெளிக்கோட்டுப் பக்கத்தை மட்டும் திறந்துவைத்தார். பையன் அசைந்தால் இவரும் அசைந்தார். அவன் நின்றால் இவரும் நின்றார். பையன் பொறுமை இழந்து பந்தை நீளமாகத் தட்டிய அந்தக் கணத்தில், பந்துக்கும் பையனுக்கும் நடுவே பெரியண்ணன் நின்றார். அந்தப் பாதியில் அந்தப் பக்கமாக ஒரு கோல்கூட விழவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் வேகக்காரப் பையன், "எப்படிண்ணே?" என்று கேட்டான். பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ அவன் காலைப் பாக்குற. கால் பொய் சொல்லும் தம்பி. அவன் பந்தை நீளமாத் தட்டுறதுக்கு முன்னாடி தலையைக் கீழ போடுறான். தலை குனிஞ்சதும் நான் கிளம்பிடுறேன்."

இந்தப் பதிலில் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. எதிரி காலை இப்படியும் அப்படியும் வீசி ஏமாற்றலாம். ஆனால் இடுப்பை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம்தான் ஆள் போவான். உதைக்காத கால், அதாவது ஊன்றும் கால், எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதும் ஒரு குறிப்பு. பந்து காலைவிட்டு அதிகமாக விலகி ஓடினால், அது பறிப்பதற்கு ஏற்ற நேரம். இவற்றையெல்லாம் ஒரே பார்வையில் படிப்பதைத்தான் 'உள்ளுணர்வு' என்கிறோம்.

அப்படியானால் உள்ளுணர்வு பிறவியிலேயே வருவதா? நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். பால் மரம் வெட்டிய கைகளுக்கு இதற்கு விடை தெரியும். மரத்தின் பட்டையில் உயிர்த்தோலுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்படி கத்தியை இழுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம் பட்டுவிடும். புதிதாக வந்தவர் வேகமாக நிரையை முடிப்பார். பின்னாலேயே மண்டோரின் திட்டும் வரும். பழகியவர் அரையிருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், அளவுகோல் எதுவும் இல்லாமல் சரியாக இழுப்பார். கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பார். அந்தக் கை பிறக்கும்போதே தெரிந்துகொண்டு பிறக்கவில்லை. ஆயிரமாயிரம் மரங்கள் சொல்லிக் கொடுத்தது அது. பெரியண்ணனின் கண்ணும் அப்படித்தான். அந்தத் திடலில் எத்தனை மாலைப்பொழுதுகள் நின்றிருப்பார்!

அறிஞர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆட்டத்தைப் படமாகக் காட்டி, பந்து உதைபடுவதற்குச் சற்று முன்பே படத்தை நிறுத்திவிட்டு, "பந்து எங்கே போகும்?" என்று கேட்பது ஒரு முறை. பல ஆண்டுகள் ஆடித் தேர்ந்தவர்கள், பழக்கம் குறைந்தவர்களைக் காட்டிலும் முன்னதாகவும் சரியாகவும் விடை சொல்கிறார்கள். அவர்களுடைய கண்பார்வை மற்றவர்களைவிடக் கூர்மை என்பது இதற்குக் காரணமல்ல. எங்கே பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நமது நாட்டுக் காற்பந்து வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால், நம்மவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த வெற்றி வெற்றிதான்.

அந்தக் குழுவை எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் சபாவைச் சேர்ந்த ஹசான் சானி. அவரது வேகத்தைக் கண்டு, 'லிப்பாஸ் கூடோங்' என்று மக்கள் பெயர் வைத்தார்கள். மின்னலாய்ப் பாயும் ஆளை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் கொடுத்த பந்தைத்தான் ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலாக்கினார். பின்வரிசையிலோ சோ சின் ஆன், சந்தோக் சிங் என்ற இருவர். கோல் கம்பத்தில் நீண்ட கைகளையுடைய நமது ஆர். ஆறுமுகம், அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தார்கள். மலாக்காவைச் சேர்ந்த சோ சின் ஆனுக்கு 'தவுக்கே' என்று பட்டப்பெயர். முதலாளி என்று பொருள். கடைசி வரிசையில் நின்று, முதலாளி கடையைப் பார்த்துக்கொள்வதுபோலத் திடல் முழுவதையும் பார்த்துக்கொண்டு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஏவியவர். 1969 முதல் 1980களின் நடுப்பகுதி வரை நாட்டுக்காக ஆடினார். ஓர் ஓட்டக்காரனின் கால் பதினைந்து ஆண்டுகள் ஒரே வேகத்தில் இருக்காது. இத்தனை காலம் ஒருவர் தற்காப்பில் நிலைத்து நிற்கிறார் என்றால், காலோடு கண்ணும் சேர்ந்து உழைத்தது என்றுதான் பொருள்.

ஒன்றை நாம் இங்கே கவனிக்க வேண்டும். முன்னால் ஹசான் சானியின் வேகமும் வேண்டியிருந்தது. பின்னால் தவுக்கேயின் பார்வையும் வேண்டியிருந்தது. ஒன்றை வைத்து மற்றதை அளக்கக் கூடாது.

உலக அரங்கிலும் இப்படி ஒருவர் உண்டு. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்துக் குழுவின் தலைவர் பாபி மூர். வேகமானவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில் பிரேசிலோடு நடந்த ஆட்டத்தில், வேகத்துக்குப் பெயர்போன ஜைர்சின்ஹோ பந்தோடு பாய்ந்து வந்தார். மூர் பதறவில்லை. பின்வாங்கிக்கொண்டே வந்து, ஜைர்சின்ஹோ உள்ளே திரும்பும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, காலை நீட்டிப் பந்தை மட்டும் சுத்தமாக எடுத்துக்கொண்டார். இன்றளவும் தற்காப்புக்கு உதாரணமாக அந்தக் காட்சியைக் காட்டுகிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஆனால் முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 1-0 என்று தோற்றது. கோல் போட்டவரும் அதே ஜைர்சின்ஹோதான். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், எல்லாவற்றையும் அது தடுத்துவிடாது.

இந்த வாதம் நமது காற்பந்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் கையால் பந்தைப் பிடித்து ஓடும் ஒரு விளையாட்டுக்கும் காற்பந்து என்றே பெயர். அதில் தற்காப்பின் முதல் வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களை 'லைன்பேக்கர்' என்கிறார்கள். குழுக்களில் சேர்க்கும் முன், அவர்களை நாற்பது கெஜம், அதாவது சுமார் முப்பத்தாறரை மீட்டர், ஓடவிட்டுக் கடிகாரம் பிடிக்கிறார்கள். 1996ஆம் ஆண்டு ஜாக் தாமஸ் என்ற இளைஞர் தேர்வுக்கு வந்தார். உயரம் ஆறு அடிகூட இல்லை. நூற்று ஐம்பத்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அவரை ஒரு குழு எடுத்தது. எதிர்க் குழுக்களின் ஆட்டப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படிப்பது அவரது வழக்கம். பந்து எங்கே போகும் என்று அறிந்து அங்கே முன்னதாக நிற்பதிலேயே அவர் பேர் வாங்கினார். 2023ஆம் ஆண்டில் அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. அவருக்கு முன்னால் தேர்வானவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஓடிப் பழக வேண்டியதில்லை" என்று எந்தத் தம்பியும் எண்ணிவிடக் கூடாது. பெரியண்ணன் கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறோம். அடுத்த ஆண்டு அதே தோட்டத்துக் குழு மீண்டும் வந்தது. இந்த முறை அவர்கள் பையனின் காலுக்குப் பந்தைக் கொடுக்கவில்லை. பெரியண்ணனின் தலைக்கு மேலே, நீண்ட தூரத்துக்கு உதைத்தார்கள். அவர் திரும்பி ஓட வேண்டியிருந்தது. பந்து எங்கே விழும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. முதலில் புறப்பட்டவரும் அவர்தான். ஆனால் முப்பது மீட்டர் ஓட்டத்தில் பையன் அவரைக் கடந்து போய்விட்டான். அன்று நாங்கள் தோற்றோம். தெரிவது வேறு, எட்டுவது வேறு என்று அன்று எங்களுக்குப் புரிந்தது. முன்பு நாம் போட்ட கணக்கும் அதைத்தான் சொன்னது. மெதுவான தற்காப்பாளன் நீண்ட தூர ஓட்டத்தில் மாட்டிக்கொள்ளாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். பெரியண்ணன் பத்தடி பின்னால் தள்ளி நின்றிருந்தால், அன்றைய கதை வேறாக இருந்திருக்கலாம்.

இன்றைய காற்பந்து அந்தக் காலத்தைவிட வேகமானது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உயர்ந்த நிலையில் ஆட விரும்பும் பையனுக்கு ஓரளவு வேகம் இல்லாமல் முடியாது. வேகத்தில் பெரும்பங்கு தாய் தந்தையரிடமிருந்து உடம்போடு வருவது என்பது உண்மை. ஆனாலும் முதல் ஐந்து, பத்து மீட்டர்ப் பாய்ச்சலைப் பயிற்சியால் கூட்டலாம். குறுகிய தூரத்தை முழு வேகத்தில் ஓடி, நன்றாக இளைப்பாறி, மறுபடியும் ஓட வேண்டும். வெறும் வயிற்றில் தேநீர் மட்டும் குடித்துவிட்டுத் தேர்வுக்குப் போகிற பிள்ளை எப்படி ஓடுவான்? முட்டையோ, அவித்த பயறோ, வாழைப்பழமோ, வீட்டில் இருப்பதைக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்போது பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கண் பழகிய விதம் என்ன? பயிற்றுநர் இல்லை, நல்ல காலணி இல்லை. ஆனால் திடல் இருந்தது. மாலை நாலு மணிக்கு ஆரம்பித்தால் இருட்டும் வரை ஆட்டம். பெரியவன், சிறியவன் என்ற பேதம் கிடையாது. ஆறு பேர் வந்தால் மூன்றுக்கு மூன்று. இருபது பேர் வந்தால் பத்துக்குப் பத்து. தன்னைவிட வேகமான அண்ணன்மாரோடு ஆடிய சிறுவன், ஓடி வெல்ல முடியாமல் பார்த்து வெல்லக் கற்றுக்கொண்டான். பேராக் மாநிலம் 1957, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்ற அந்தக் காலத்தில், வானொலியில் வருணனையைக் கேட்டுவிட்டு, மறுநாள் அதே ஆட்டத்தைத் திடலில் ஆடிப் பார்த்த பிள்ளைகள் தோட்டம்தோறும் இருந்தார்கள்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களோடு திடல்களும் போயின. பட்டணத்துக்கு வந்த பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மணி நேரப் பயிற்சி கிடைத்தால் அதிகம். வேகமான பிள்ளைக்கு அது போதுமானதாக இருக்கலாம். அவன் வேகத்தைக் கடிகாரம் காட்டிவிடும். கண்ணால் ஆடும் பிள்ளையைக் கடிகாரம் காட்டாது. அவனை அடையாளம் காண, ஆடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முறை அல்ல, பல முறை. தேர்வு நடத்துகிற அன்பர்களுக்கு நாம் பணிவோடு சொல்வது இதுதான்: கடிகாரத்தைப் பையில் போடச் சொல்லவில்லை. ஓடவிட்டுப் பாருங்கள். அனுப்பிவிடும் முன், இருபது நிமிடம் ஆடவிட்டும் பாருங்கள்.

வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. எதற்கும் பணம் தேவையில்லை.

முதலாவது, சிறிய இடத்தில் மூன்றுக்கு மூன்று ஆடவிடுங்கள். இடம் குறையக் குறைய ஓட்டத்துக்கு வேலை குறைகிறது. பார்வைக்கு வேலை கூடுகிறது. கோயில் வெளி, கார் நிற்காத சந்து, எதுவும் போதும்.

இரண்டாவது, ஒருவனுக்கு ஒருவன் என்று ஆடும்போது, தடுப்பவன் தரையில் சறுக்கவோ பாயவோ கூடாது என்று விதி வையுங்கள். அப்போது பிள்ளை காத்திருக்கக் கற்றுக்கொள்வான். எதிரியின் இடுப்பைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது, பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கம். பின்னால் நிற்பவர் விரல்களைக் காட்ட, பந்து வந்து சேர்வதற்குள் எத்தனை விரல் என்று பிள்ளை சொல்ல வேண்டும். தங்கைகூட இந்தப் பயிற்சியில் துணை நிற்கலாம். அவளும் ஆடலாம்.

நான்காவது, வீட்டில் கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ ஆட்டம் பார்க்கும்போது, பந்தை உதைப்பதற்கு முன் படத்தை நிறுத்திவிட்டு, "இப்ப எங்க போகும்? எதை வச்சுச் சொல்ற?" என்று கேளுங்கள். அறிஞர்கள் கையாண்ட அதே முறைதான் இது. விடை சரியா தவறா என்பதைவிட, பிள்ளை எதைப் பார்த்தான் என்பதே முக்கியம்.

ஐந்தாவது, முன்வரிசையிலும் சில நாள் ஆடச் சொல்லுங்கள். திருடன் எந்த வழியாக வருவான் என்று தெரிந்தவன்தான் நல்ல காவல்காரன்.

வேகமான பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். சொல்லப்போனால், அவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை. சிறுவயதில் தவறான இடத்தில் நின்றாலும் ஓடிப் பிடித்துவிடலாம். அதனால் அந்தப் பிள்ளை பார்க்கக் கற்றுக்கொள்வதே இல்லை. பதினெட்டு வயதில் எல்லாரும் அவனைப்போல வேகமாகிவிடும்போதோ, முழங்காலில் அடிபட்டு வேகம் குறையும்போதோ, கையில் வேறு முதல் இல்லாமல் நிற்கிறான். எங்கள் தோட்டத்து வேகக்காரப் பையன் அப்படி நிற்கவில்லை. பெரியண்ணனுக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடினான். பிற்காலத்தில் அவனைக் கடந்து போனவர்கள் மிகச் சிலரே.

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். "ஆட்டத்தை விட்டுடச் சொல்லட்டுமா?" என்று கேட்டாரே, அவருக்கு நாங்கள் பின்னர் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, உங்கள் மகன் மாநிலத்துக்கு ஆடுவான் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு கடிகாரம் அவனைப் பற்றிச் சொன்னது பாதிச் செய்திதான். மறுபாதியை இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் விடச் சொல்லாதீர்கள்."

அந்தப் பையன் இப்போது மாலை வேளைகளில் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் ஆடுகிறான். எந்தக் குழுவிலும் அவனுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது நாங்கள் சற்று நின்று பார்த்தோம். அவனைவிட ஒரு தலை உயரமான பையன் பந்தோடு வந்தான். இவன் பாயவில்லை. இரண்டு கை தூரம் விட்டு, சாய்வாக நின்றான். கண் எதிரியின் இடுப்பில் இருந்தது. பெரியண்ணனை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் எங்களுக்கு அந்தக் கோயில் திடல் நினைவுக்கு வந்தது.

கட்டிலுக்கு அடியில் கிடந்த காலணி காலுக்கு வந்துவிட்டது என்று தாயார் சொன்னார். உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் அப்படி ஒரு ஜோடி கிடக்கிறதா என்று இன்று மாலை ஒருமுறை குனிந்து பாருங்கள் என்று கேட்டு, விடைபெறுகிறோம்.